பேத்தைச் சினையும் உம்மாவின் ஏச்சும்

உம்மாவின் தம்பி, என் மாமா, சாப்பாட்டு விஷயத்தில் யார் பேச்சும் கேட்கமாட்டார். அரிசி கூப்பனுக்கு வந்துவிட்ட உலகச் சண்டைக் காலம் அது. கற்பிட்டிக் கரையில் மற்றவர்கள் தூக்கி எறிகிற, தொட்டால் பந்துபோல ஊதிக்கொள்ளும் பேத்தை மீனை அவர் வெட்டிக் கழுவிக் கறியாக்குவார். அதன் ஈரலும் சினையும் நஞ்சு என்று அறியாத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. அவருக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு நாள் மத்தியானம், ருசிக்குத்தானே என்று துளிச் சினையையும் சேர்த்துத் தின்றுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். உதட்டில் எறும்பு ஊர்கிறது என்று சொல்லிச் சிரித்தார்.

சிரிப்பு அதோடு சரி. முதலில் நாக்கு மரத்தது, பிறகு விரல், கை, கால். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது பாயில் கிடந்தவரால் இமையைக்கூட அசைக்க முடியவில்லை. மூக்கருகே விரல் வைத்தால் மட்டும் மூச்சு தெரிந்தது. களப்பைக் கடந்து புத்தளத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கச்சான் காற்று தோணியை விடவில்லை. பெண்கள், சாகக் கிடப்பவருக்கு ஓதுகிற யாசீனை ஓதத் தொடங்கினார்கள்.

உம்மா ஓதவில்லை. தம்பியின் காதருகே குந்திக்கொண்டு ஏச ஆரம்பித்தாள்.

"எழும்புடா! வேணாமெண்டு எத்தின தரம் சொன்னேன்? ஒனக்கு வயிறா, கிடங்கா?"

சின்ன வயதில் அவர் பனங்கிழங்கு திருடியதைக்கூட அவள் விடவில்லை. பக்கத்து வீட்டு மாமி பொறுக்கமாட்டாமல், "மௌத்தாப் போற நேரத்துல ஏசாத புள்ள" என்றார். உம்மா கேட்டால்தானே! எனக்கு மானம் போனது. போகிறவரை நிம்மதியாகப் போகவிடக்கூடாதா என்று உம்மாமேல் ஆத்திரமாக வந்தது. அந்த ஏச்சைக் கேட்டபடியே தூங்கிப்போனேன்.

விடிந்து எழும்பியபோது தொண்டை கட்டிப்போயும் உம்மா ஏசிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மாமாவின் சுண்டுவிரல் ஆடியது. பிறகு உதடு. எல்லாரும் குனிந்தோம்.

"ராத்தா," என்றார் குழறலாக, "கொஞ்சம் மூச்சு விட்டுட்டு ஏசு."

வீடே அல்ஹம்துலில்லாஹ் என்றது. எல்லாம் கேட்டுக்கொண்டேதான் கிடந்தாராம். உடம்புதான் சொன்னபடி கேட்கவில்லையாம். எனக்கு அப்பாடா என்றிருந்தது. உம்மாவைத் தேடினேன். காணவில்லை.

குசினிக்குப் பின்னால் வெறும் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். கைகள் வெடவெடவென்று நடுங்கின. எழும்பப் பார்த்தாள், கால் நிற்கவில்லை. உதடு துடித்தது, பேச்சு வரவில்லை. நேற்று மாமாவும் இப்படித்தானே விழுந்தார்!

"உம்மாவும் பேத்தை திண்டுட்டா!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினேன்.

ஒருவரும் பதறவில்லை. மாமா மட்டும் படுத்தபடியே சிரித்தார். சிரிக்கச் சிரிக்க அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதல் நாள் மத்தியானத்திலிருந்து உம்மா பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைத்திருக்கவில்லையே.