மறைத்துக் கட்டிய காப்பு

நம் செல்லியம்மனை நம்பிப் பிழைக்கும் எல்லோருக்கும், விக்கிரமங்கலம் பக்கத்திலிருந்து தனம் எழுதுகிறேன். ஆத்தா எனக்குச் செய்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். அதோடு நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும். அதுதான் வெட்கமாக இருக்கிறது.

என் வீட்டுக்காரர் கொத்தனார். போன வருடம் ஆனி மாதம், சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அரியலூரில் பார்த்துவிட்டு திருச்சிக்கு அனுப்பினார்கள். இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு, நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்ய முடியும் என்றார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைகள் இரண்டும் படித்துக்கொண்டிருக்கின்றன. இவர் போய்விட்டால் நான் யார் வாசலில் போய் நிற்பேன்?

ஆடி மாதம் ஆபரேஷன் என்று முடிவானது. அப்போது ஊரில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். இவருக்கும் பூசாரி கையால் இடது மணிக்கட்டில் கட்ட வைத்தேன். மஞ்சள் துண்டு வைத்து, முனைகளை நீளமாக விட்டு முடிந்த தடித்த கயிறு. திருவிழா முடிந்துதான் அதை அவிழ்க்க வேண்டும். நடுவில் கையை விட்டு இறங்கினால் உயிருக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் பயப்படுவார்கள். நானும் பயந்தேன்.

ஆபரேஷன் அன்று காலை நர்ஸ் வந்தாள். "அம்மா, மோதிரம், அரைஞாண் கயிறு, இந்தக் காப்பு எல்லாத்தையும் எடுத்துடுங்க. ஒரு நூல்கூட இருக்கக் கூடாது. ஆபரேஷன்ல உடம்பு வீங்கும்" என்றாள். இவருடைய இரண்டு உள்ளங்கையிலும் கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதையைத் தொட்டுக் காட்டினாள். "இந்த இடத்துல ஒரு பட்டை ஒட்டுவோம். தசைக்கு ரத்தம் ஒழுங்கா போகுதான்னு மெஷின்ல நம்பர் காட்டிக்கிட்டே இருக்கும். கொறஞ்சா உடனே தெரிஞ்சிடும்."

"நானே அவுக்கறேன், நீங்க போங்க" என்று அவளை அனுப்பினேன். முடிச்சைத் தளர்த்தினேன். கையை விட்டு எடுக்காமல் அப்படியே மேலே ஏற்றி, அக்குளை ஒட்டி ஆஸ்பத்திரிச் சட்டைக்குள் மறைத்தேன். வழுக்கி இறங்கினால் மாட்டிக்கொள்வோமே என்று நன்றாக இறுக்கி முடிந்தேன். நர்ஸ் திரும்பி வந்து வெறும் மணிக்கட்டைப் பார்த்துத் தலையாட்டினாள். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன், பாவி.

உள்ளே கொண்டு போனார்கள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, "ஆத்தா, அவர முழுசா குடுத்துடு" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். மத்தியானம் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வேகமாக வெளியே வந்தார்.

"எடது கைக்கு ரத்த ஓட்டம் கொறஞ்சிக்கிட்டே போவுது. வலது கையில நம்பர் சரியா இருக்கு. ரத்தம் உறைஞ்சு எங்கயாவது அடைச்சிருக்கான்னு தேடிக்கிட்டிருக்கோம். அந்தக் கையில முன்னாடி அடி கிடி பட்டிருக்காம்மா?"

சொன்னால் கயிற்றை அறுப்பார்கள். நெஞ்சு திறந்து கிடக்கிற நேரத்தில் காப்பை அறுத்தால் உயிர் போய்விடும். சொல்லாவிட்டால் கை போய்விடும். கை போனாலும் ஆள் இருப்பாரே என்றுகூட நினைத்தேன். "இல்லீங்களே" என்று தலையை ஆட்டினேன். ஆமாம், அந்த இடத்தில் நின்று பொய் சொன்னேன்.

டாக்டரம்மா கதவுக்குள் போய்விட்டார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "ஆத்தா, ஒண்ணும் புரியல. நீதான் பாத்துக்கணும்" என்று அழுதேன். எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது. திடீரென்று பயம் விட்டுப்போனது. குரல் எதுவும் கேட்கவில்லை, உருவம் எதுவும் தெரியவில்லை. என் கால்கள் எழுந்து ஓடின. கதவைப் படபடவென்று தட்டி, "கயிறு இருக்கு! அக்குள்கிட்ட கயிறு கட்டியிருக்கேன்! அறுத்துடுங்க!" என்று கத்தினேன். அப்படிக் கத்தும் தைரியம் எனக்கு ஏது? என் வாயைத் திறந்தது அவள்தான்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். கையை உடம்போடு சேர்த்துத் துணியால் மூடியிருந்ததால் கயிறு யார் கண்ணிலும் படாமல் சதைக்குள் புதைந்து கிடந்ததாம். அறுத்த பிறகு மெஷினில் நம்பர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதாம். "இன்னும் விட்டிருந்தா கைய எடுக்க வேண்டி வந்திருக்கும். மொதல்லயே ஏம்மா சொல்லல?" என்று கேட்டார்.

இதயம் நன்றாக இருக்கிறது. உயிரோடு வீட்டுக்கு வந்தார். ஆனால் இடது கையில் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இன்றுவரை உணர்ச்சி இல்லை. செங்கல்லைப் பிடித்தால் நழுவுகிறது. சாரம் ஏறுவதில்லை. ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் காப்புதான் காப்பாற்றியது என்று சொல்லி வந்தேன். அவரிடமும் அப்படித்தான்.

தை மாதம் ஒரு நாள், டீ டம்ளரைத் தவறவிட்டுவிட்டு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு இறுகித்தான் விரல் மரத்தது என்று, தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மாவிடம் பொய் சொன்னதையும் சேர்த்து. கீழே கிடந்த டம்ளரை அவர் வலது கையால் எடுத்து வைத்தார்.

பிறகு, "நீ கட்டுனப்ப நானுந்தான புள்ள கையத் தூக்கிக் காட்டுனேன்" என்றார்.

அதற்கு அப்புறம்தான் எழுதத் துணிந்தேன். ஆத்தாவை நம்புங்கள், முழுசாக நம்புங்கள். கயிறு இல்லாவிட்டால் அவளுக்கு நம்மை அடையாளம் தெரியாது என்று என்னைப் போல நினைத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் கேட்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அங்கேயும் அவள்தான் நிற்கிறாள். இப்போது அவர் சட்டைக்கு நான்தான் பொத்தான் போட்டுவிடுகிறேன். ஒவ்வொரு பொத்தானுக்கும் அவளுக்கு நன்றி சொல்கிறேன். மன்னிப்பும் கேட்கிறேன்.