கொல்லிமலை வளைவில் ஒரு கையின் திசை

2004 பிப்ரவரியில் நானும் தங்கை மல்லிகாவும் கொல்லிமலை போனது சுற்றிப் பார்க்க அல்ல. அவள் அந்த மலைமேல் குண்டூர் நாடு என்ற ஊரில் அரசு நர்ஸ். ஆறு மாதம் முன்பு பக்கவாதம் வந்தது. பேச்சும் நடையும் திரும்பிவிட்டன. வலது கை மட்டும் நினைத்த இடத்துக்குப் போகாமல் இடப்பக்கம் விலகிப் போகும். ஊசி போட முடியாதவளுக்கு வேலை எதற்கு என்று குவார்ட்டர்ஸைக் காலி செய்யத்தான் கிளம்பினோம்.

நாமக்கல்லில் காலை ஆறரை மணி பஸ். அடிவாரத்துக் காரவள்ளியில் வண்டி நிற்கும்போது டீ வேண்டாம். அதற்கு மேல் எழுபது கொண்டை ஊசி வளைவுகள், குடித்தது திரும்பி வந்து நலம் விசாரிக்கும். பாதி மலையில் பஸ் நின்றுவிட்டது. சில்வர் ஓக் மரமொன்று ரோட்டில் விழுந்து கிடந்தது.

மலைக்காரர்கள் அடிமரத்தை அறுத்து, முனையில் கயிறுகள் கட்டி, கீழே இருந்த அகலமான திருப்பத்துக்கு இழுக்க ஆரம்பித்தார்கள். சரிவில் மரம் சறுக்கும் என்பதால் அதற்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாதாம். ஆளுக்கொரு கோணத்தில் விரிந்து நின்றார்கள். நானும் ஒரு கயிற்றைப் பிடித்தேன். ஒருவர்கூட நின்று இழுக்காத அந்த நடுத்திசையில் மரம் ஒழுங்காகப் போனது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நான் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் சொல்லித் தருபவன். கையை நீட்டும்போது மூளையில் நடப்பது இதுதான். அங்கே கையசைவுக்கான பகுதியில் ஒவ்வொரு நரம்பணுவுக்கும் பிடித்த திசை ஒன்று உண்டு. கை அந்தப் பக்கம் போனால் அது மும்முரமாகத் துடிக்கும், விலக விலக அடங்கும். எந்த அணுவும் தனியாகக் கையை நடத்துவதில்லை. ஆயிரக்கணக்கான இழுப்புகளின் கூட்டுத்தொகைதான் கை போகும் திசை. வருடக்கணக்கில் கரும்பலகையில் அம்புக்குறி போட்டவன், அன்றுதான் அதை உள்ளங்கையில் உணர்ந்தேன்.

திடீரென்று, இருவர் பிடித்திருந்த ஒரு கயிறு அறுந்தது. மரம் இடப்பக்கம் திரும்பியது, மல்லிகாவின் கை மாதிரியே. எனக்கு முன்னால் நின்ற மலைக்காரர் பதறவில்லை.

"ரெண்டு பேரு கொறஞ்சா மத்தவங்க கொஞ்சம் தள்ளி நின்னு இழுக்கோணுங்க. அவ்வளவுதான்."

எல்லோரும் இடம் மாறி நின்றார்கள். மரம் மெல்ல நேர்ப்பட்டது. திரும்பிப் பார்த்தேன், ரோட்டோரம் நின்ற மல்லிகா கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சற்று ஓய்ந்தபோது, கயிற்றைத் தோளில் சுற்றியிருந்த ஒரு பெண் அவளை அடையாளம் கண்டு வாழைப்பழம் நீட்டினார். மல்லிகாவின் வலது கை விலகிப் போனது. வீட்டில் என்றால் நாங்கள் டம்ளரை அவள் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவோம். இங்கே பிடி தளர்ந்தால் மரம் மறுபடி திரும்பிவிடும்; என்னால் கயிற்றை விட முடியாது, அந்தப் பெண்ணாலும் நகர முடியாது.

"மெதுவா வாங்கிக்குங்க நர்சம்மா. நான் இங்கியேதான் நிக்கறேன்."

இரண்டு முறை தவறியது. பிறகு, அலைந்து அலைந்து, கை பழத்தைத் தொட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் என்றில்லை, எப்போதும் மரம் விழலாம், ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கீழிறங்கும் கடைசி பஸ்ஸை அங்கேயே கேட்டு உறுதி செய்யுங்கள்.

அந்த பஸ்ஸில் நான் மட்டும்தான் ஏறினேன். ஊசி போட நாளாகும், அதுவரை குழந்தைகளுக்கு எடை பார்ப்பேன் என்று மல்லிகா தங்கிவிட்டாள். துணைக்கு அம்மாவை அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாண்ணா. அம்மா வந்தா டம்ளர நகர்த்தி வெச்சுரும்."