எண்ணூரில் கூழைக்கடாக்களை விரட்டிய காலை

காலை 5.50. ராயபுரம் நிலையத்தில் எண்ணூருக்கு ஐந்து ரூபாய் கொடுத்து டிக்கெட் எடுத்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. பறவை பார்க்கிறேன் என்று பத்து வருடமாக ஊர் ஊராக அலைகிறவள் நான். கோடியக்கரைக்கே மூன்று முறை போய் வந்தாயிற்று. புளியந்தோப்பில் குடியிருந்துகொண்டு, வடக்கே பதினைந்து கிலோமீட்டரில் இருக்கும் கழிமுகத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. என்னை எதால் அடிப்பது?

எதிரில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா என் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்து, "இன்னாம்மா அது?" என்றார்.

"பறவை பாக்கறதுக்கும்மா."

"எண்ணூர்லயா? அங்க பொகதான் கீது!" என்று வாய்விட்டுச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

6.40. தெரிந்தவர் மூலம் பேசி வைத்திருந்த படகுக்காரர் தேவராஜ் கரையில் காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு அறுநூறு ரூபாய். பாலத்தைத் தாண்டியதும் மோட்டாரை நிறுத்திவிட்டுத் துடுப்புப் போட்டார். ஒரு பக்கம் புகைபோக்கிகள், மறு பக்கம் அலையாத்திப் புதர்கள். சேற்றில் பவளக்கால் உள்ளான்கள் நெட்டைக் கால்களைத் தூக்கித் தூக்கி வைத்தன. தலைக்கு மேல் ஒரு செம்பருந்து. இவ்வளவையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எங்கெங்கோ ரயிலேறியிருக்கிறேனே!

தேவராஜ் அன்று நல்ல குஷியில் இருந்தார். மறுநாள் மகளுக்கு நிச்சயதார்த்தம். "சம்பந்தி வூட்ல எறான்னா உசுரு. வூட்டுக்காரி செல்வி விடியறதுக்குள்ள தண்ணில எறங்கிட்டாக்கா. வளைவுக்கு அந்தாண்டதான் கீறா."

இங்கே இறாலுக்கு வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவிப் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட ஒரு பனையோலைப் பறி. கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும்.

7.25. வளைவு திரும்பினோம். "ஐயோ!" என்று கத்தியே விட்டேன். கூழைக்கடாக்கள்! எண்ண முடியவில்லை. நடுவில் கொக்கு, நீர்க்காகம், மேலே வட்டமிடும் ஆலாக்கள். தண்ணீரே தெரியாத அளவுக்குப் பறவை. நான் படம் எடுத்துத் தள்ளினேன். "அண்ணா, இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்கண்ணா!"

தேவராஜ் ஒரு கை தண்ணீரை அள்ளி முகர்ந்தார். முகம் செத்துப்போயிற்று. மோட்டாரை இழுத்து முடுக்கினார்.

"செல்வி! கரைக்குப் போ மே! எழுந்திரு மே!"

பறவைகளுக்கு நடுவே ஒரு தலை தெரிந்தது. பறி வாயில் இருந்ததால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. 'சும்மா கத்தாதே' என்பதுபோல் கையை ஆட்டிவிட்டு மறுபடி சேற்றைத் தடவினார். பைனாகுலரில் பார்த்தேன். கண்ணெல்லாம் சிரிப்பு.

"இவ்ளோ பறவ ஒண்ணா எப்போக்கா வரும்? மீனு ஓட முடியாதப்பதான் வரும்," என்றார் தேவராஜ். "ராத்திரி எந்தக் கம்பெனிக்காரனோ தண்ணில இன்னாத்தையோ வுட்ருக்கான்."

அப்போதுதான் என் கண்ணுக்கு மீன்கள் தெரிந்தன. வயிறு மேலே திரும்பி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, நூற்றுக்கணக்கில். இவ்வளவு நேரமும் நான் எதைப் பார்த்துக் கைதட்டாத குறையாகக் குதித்தேன்?

படகு நெருங்கியதும் செல்வியின் கையைப் பிடித்து இருவருமாக மேலே இழுத்தோம். பறியை வாயிலிருந்து எடுத்தவர் சீறினார். "இன்னாய்யா உனுக்கு? ஒரு மணி நேரத்துல ரொம்பிச்சு தெரியுமா? கைய வெச்சா அப்டியே குந்திகினு கீது!"

"எறா கையில ஒதைச்சுதா?" என்றார் தேவராஜ்.

செல்வி பறிக்குள் கையை விட்டு ஒரு இறாலை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். உயிருள்ள இறால் கையை உதைத்துத் துள்ளும். இது லேசாக மீசையை அசைத்துவிட்டு அடங்கியது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே.

"நாளைக்கு இத்தயா ஆக்கிப் போட இருந்தேன்? பெத்த பொண்ணு நிச்சயத்துல?" என்று தலையில் அடித்துக்கொண்டார். கையிலும் காலிலும் தோல் சிவந்து தடித்திருந்தது. எரிகிறது என்றார். என்னிடமிருந்த இரண்டு பாட்டில் குடிநீரையும் அவர் கை கால்களில் ஊற்றினேன். அது எந்த மூலைக்கு?

ஆத்திரத்தில் செல்வி பறியைத் தண்ணீரிலேயே கவிழ்த்துவிட்டார். உடனே நாலைந்து கூழைக்கடாக்கள் படகை ஒட்டி வந்தன. கை நீட்டினால் தொடலாம். அலகுப் பையின் மடிப்பு, கண்ணைச் சுற்றிய மஞ்சள் எல்லாம் தெரிந்தது. இத்தனை கிட்டப் பார்க்கத்தான் பத்து வருடமாக அலைந்தேன். நான் துடுப்பைப் பிடுங்கித் தண்ணீரில் ஓங்கி ஓங்கி அடித்தேன். "போ! தின்னாதே, போ!" செல்வி பறியால் அடித்தார், தேவராஜ் துண்டை வீசினார். அவை நாலு முழம் தள்ளிப் போய் உட்கார்ந்து மறுபடி விழுங்கின.

8.20. கரைக்கு வந்து, தேவராஜ் தன் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோ பிடித்தார். அறுநூறை எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை. ஆட்டோவில் செல்வியின் மடியில் வைத்துவிட்டேன். எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த செல்வி, வண்டி கிளம்பும்போது தலையை வெளியே நீட்டினார்.

"யக்கா, இன்னொரு தபா வா. பறவ இல்லாத நாளாப் பாத்து வா. அன்னிக்குத்தான் எறா நல்லாருக்கும். தொக்கு வெச்சுத் தர்றேன்."

9.05. ராயபுரத்துக்குத் திரும்பும் ரயிலில் ஏறி உட்கார்ந்தேன். ஜன்னல் வழியே கழிமுகத்தின் பக்கம் கூழைக்கடாக்கள் இன்னும் கூட்டம் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தன. அடுத்த முறை நான் வரும் நாளில் ஒன்றுகூட வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.