மகள் நெற்றியின் உப்பு

மரக்காணம் உப்பளத்தில் வேலை முடிந்து வந்ததும் மகளை முத்தமிடுவேன், உதடு கரிக்கும். என் மேல் இருந்த உப்புதான் அவளிடம் ஒட்டிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். எவ்வளவு சாப்பிட்டாலும் அவள் எலும்பும் தோலுமாகவே இருந்தாள். "பெத்தவ சோறு போடறதில்ல" என்று தெருவே பேசியது. நான் யாரோடும் பேசுவதை விட்டேன்.

மகளைக் காட்டப் போனபோது புதுச்சேரி டாக்டர் கேட்டார்: "முத்தம் குடுத்தா உப்புக் கரிக்குதாம்மா?"

சிரித்துவிட்டேன். "உப்பளத்துல வேலை சார், கரிக்காம இருக்குமா?"

அவர் சிரிக்கவில்லை. மகளின் வியர்வையைப் பரிசோதித்தார். "அபூர்வ நோய்ம்மா. பாப்பா வேர்வையிலயே உப்பு அதிகம். கணைய நீர் குடலுக்கு வரல. அதான் சாப்பிட்டது ஒட்டல."

இப்போது ஒவ்வொரு வேளையும் சோற்றோடு மாத்திரை கொடுக்கிறேன், தேறி வருகிறாள். மூன்று வருடம் அவள் நோயைத் தினமும் உதட்டால் தொட்டும் எனக்குத் தெரியவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போதெல்லாம் குளித்துவிட்டுத்தான் முத்தமிடுகிறேன். இன்னும் கரிக்கிறது.