தலை எந்தப் பக்கம்

"தலை மேலே, கால் கீழே. முப்பத்து நான்காம் வாரம்." 1997 அக்டோபர் 9, வியாழக்கிழமை என்று தேதியிட்டு என் டைரியில் எழுதியிருப்பது இவ்வளவுதான். அமெரிக்காவில் நாங்கள் அப்போதிருந்த பிஸ்கட்டவேயில் டாக்டரம்மா ஸ்கேன் திரையைக் காட்டிச் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். இரண்டு வாரத்தில் குழந்தை தலைகீழாகத் திரும்பாவிட்டால் ஆபரேஷனுக்கு நாள் குறிக்க வேண்டும் என்றார். என் மனைவிக்கு அந்தச் சொல்லே போதும். அவளுடைய சித்தி ஒருவர் பிரசவ ஆபரேஷனுக்குப் போய் வீடு திரும்பவில்லை.

ஸ்கேன் படம் ஒன்றைக் கையில் கொடுத்தனுப்பினார்கள். சாம்பல் நிறப் புகைமாதிரி இருந்தது. எது தலை, எது தண்ணீர் என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

குழம்பினால் நான் நூலகத்துக்குப் போகிறவன். பல்கலைக்கழக நூலகத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் உடற்கூறியலாளர் ஒருவரின் படத்தொகுதி கிடைத்தது. உடலைத் திறந்தால் உள்ளே எல்லாம் சரிந்து இடம் மாறிவிடுகிறதென்று, அவர் சடலங்களை உறையவைத்து, ரம்பத்தால் அறுத்து, அறுத்த பரப்பின்மேல் மெல்லிய தாளைப் போட்டு வரைந்தெடுத்தார். போரில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். துப்பாக்கி சுமந்து நிற்கும் படைவீரனின் எடை உடம்பில் எந்தப் புள்ளியில் நிற்கிறது என்று பிற்காலத்தில் தேடியவரும் அவரே. ஸ்கேன் என்பதும் அறுக்காமல் அறுப்பதுதானே, இவர் படத்தை வைத்து அதைப் படித்துவிடலாம் என்று நினைத்தேன்.

நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியின் படமும் இருந்தது. நெடுக்காக அறுத்தது. குழந்தை தலைகீழாக இருந்தது. கீழே இருந்த ஜெர்மன் குறிப்பில் அகராதி உதவியோடு பாதிதான் புரிந்தது.

"ஏங்க, இது அவங்களோட வலது பாதியா, இடது பாதியா?" என்றாள் மனைவி.

"தெரியல. தாளப் போட்டு வரைஞ்சது. அச்சடிக்கறப்ப திருப்பிப் போட்டிருந்தாலும் போட்டிருப்பாங்க."

"ஸ்கேன்ல?"

"அதுலயும் உன் வலது எந்தப் பக்கம் விழும்னு எனக்குக் confuse ஆகுது."

"அப்ப இங்க உதைக்கறது காலா, கையா?"

புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். இப்போது குழந்தை எங்கள் குழந்தையைப் போல இருந்தது, ஆனால் அந்தப் பெண் தலைகீழாக நின்றாள்.

"இந்தக் குழந்தை பொறந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் அகராதியை எடுப்பதற்குள், "சரி, விடுங்க" என்றாள்.

பிரசவத்துக்காகக் கோபியிலிருந்து வந்திருந்த மாமியார் பின்னால் நின்று பார்த்துவிட்டார்.

"என்னங்க மாப்பிள்ளை, மாசமா இருக்கற புள்ளைக்குக் காட்டற படமா இது?"

"அம்மா, நான்தான் கேட்டேன்."

"நீ கேப்ப. ரெண்டு பேரும் படிச்சவங்கன்னு பாத்தாலே தெரியுது. பொஸ்தகத்தக்கூட நேராப் புடிக்கத் தெரியல."

அந்தப் புத்தகம் வீட்டில் இருக்கக் கூடாதென்று அவர் விடவில்லை. 21ஆம் தேதி செவ்வாய்க்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். 23ஆம் தேதி மறுபடி ஸ்கேன். டாக்டரம்மா வயிற்றை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தலை கீழே வந்திருந்தது. எப்போது திரும்பியிருக்கும் என்று கேட்டேன். அதைச் சொல்ல வழியில்லை என்றார்.

காரில் மாமியாருக்குச் சந்தேகமே இல்லை. "பொஸ்தகம் போச்சு, புள்ள திரும்பிருச்சு."

"இல்லம்மா, அதுக்கு முன்னாடியே" என்றாள் மனைவி. "என்னமோ பெருசா உருண்டுச்சு. நீ தூங்கிட்டிருந்த. நான் அந்தப் படத்தத்தான் பாத்துட்டிருந்தேன்."

நான் வண்டியை ஓரங்கட்டாத குறை. "என்னிக்கு?"

"ஞாயித்துக்கிழமை. இல்ல... திங்களா? அத எதுக்குங்க இப்ப? திரும்பிருச்சில்ல?"

நவம்பரில் ஆபரேஷன் இல்லாமல் மகள் பிறந்தாள். பிறந்த நேரம் நிமிடம் வரை என்னிடம் இருக்கிறது. திரும்பிய நாளுக்கு மட்டும் டைரியில் ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். ஞாயிறாக இருக்கலாம், திங்களாக இருக்கலாம், மாமியார் சொல்வதுபோல் செவ்வாய்க்குப் பிறகாகவும் இருக்கலாம். இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.