ஃபெரியில் துடைத்த திருநீறு

பட்டர்வொர்த்திலிருந்து கடலுக்கு எதிரே தீவிலுள்ள கத்தோலிக்கத் தனியார் பல்கலைக்கழகத்துக்கு நான் படிக்கப் போனபோது, உறவில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அங்கே எல்லாரும் பணக்காரப் பிள்ளைகள், காரில்தான் வருவார்கள், தமிழ் வாயில் வராது, நெற்றியில் திருநீற்றைப் பார்த்தால் சிரிப்பார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட அந்த வாசலை மிதித்ததில்லை. அது தெரிந்தும் நம்பினேன். காலையில் அம்மா பூசிவிடும் திருநீற்றைத் தினமும் தீவுக்குப் போகும் ஃபெரியிலேயே கைக்குட்டையால் துடைத்துவிடுவேன்.

சில வாரங்கள் கழித்து, ஒரு புதன்கிழமை மதியம், வகுப்பில் பாதிப் பேர் நெற்றியில் சாம்பலோடு வந்து உட்கார்ந்தார்கள். அன்று தவக்காலம் தொடங்குகிறதாம். பூசையில் பாதிரியார் பூசிவிட்டது. யாரும் அதைத் துடைக்கவில்லை.

பக்கத்தில் உட்காருகிறவளுக்கும் நெற்றியில் சாம்பல் இருந்தது. எங்கள் கரையிலேயே ஜுருவில் கார் பட்டறையில் வேலை செய்பவரின் மகள். என்னோடு அதே ஃபெரியில்தான் வருவாள்.

"நீ டெய்லி துடைக்கிறத பார்த்திருக்கேன்லா," என்றாள். "யாருக்குப் பயந்து?"

"பயமெல்லாம் இல்ல. வேர்த்துச்சு," என்றேன்.

ஏர்கான் குளிர் தாங்காமல் அவளும் நானும் தினமும் கையைக் கட்டிக்கொண்டு வருகிற ஃபெரி அது.