சிங்கப்பூருக்குப் போகாத கதிர்

கதிர் போய்விட்டான். நேற்றுக் காலை படுக்கையிலிருந்து எழுந்திருக்கவில்லை. முப்பத்து மூன்று வயது.

அதற்கு முந்தின நாள் நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறான். வழக்கம்போல, தான் எந்த மாத்திரை சாப்பிடுகிறவன், எதற்காகச் சாப்பிடுகிறவன் என்பதை முதலிலேயே சொல்லியிருக்கிறான்.

அதற்குப் பிறகு நெஞ்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மனசை லேசாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இப்போது லேசாகத்தான் இருக்கும்...

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தம்பின் பக்கம், செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்கு நடுவில், ஒரு பழைய துரை பங்களாவில் இளைஞர்கள் தங்கி மனநலச் சிகிச்சை பெறும் இல்லம் ஒன்று இருக்கிறது. நான் அங்கே ஆபீஸ் வேலை பார்க்கிறவன்.

கதிர் அங்கே முதலில் நோயாளியாக வந்தான். தேறி வெளியே போனான். பிறகு அங்கே இருப்பவர்களுக்கு வெளியில் வேலை தேடிக் கொடுக்கும் ஊழியனாகத் திரும்பி வந்தான்.

அவனுக்கு முன்னும் எங்களிடம் வேலைவாய்ப்புத் திட்டம் இருந்தது. ஊதுபத்தியைப் பாக்கெட்டில் போடுவது. டிப்ளோமா முடித்தவர்களும் போட்டார்கள், யுனிவர்சிட்டியில் பாதியில் விட்டவர்களும் போட்டார்கள்.

தீபாவளிக்கு முன் பிரமுகர்கள் வந்து பாக்கெட்டோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். வாசனை பிரமாதம் என்பார்கள்.

வந்த முதல் வாரமே கதிர் கேட்டான். "அண்ணே, இந்த ஊதுபத்தி கம்பெனில நம்ம பிள்ளைங்க யாரையாச்சும் வேலைக்கு எடுத்திருக்கானா?"

"அது எப்படிடா எடுப்பான்?"

"அப்புறம் இது என்னா ட்ரெய்னிங்? சாமி கும்பிடவா?"

அவன் இல்லத்தில் சிகிச்சையில் இருந்த காலத்தில், பையன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான் என்று அவன் வீட்டில் தங்கள் ஊரான ரஹாங் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்கள். நம் குடும்பங்களில் இது புதிதல்ல. எங்களிடம் வந்து போனவர்களை வைத்துப் பார்த்தால், சிங்கப்பூரின் தமிழ்த் தொழிலாளர்களில் பாதிப் பேர் தம்பின் செம்பனைக் காட்டில்தான் இருக்கிறார்கள்.

அவன் வீடு திரும்பியபோது அவன் அம்மா சிரம்பான் பாசாரில் சாக்லேட் வாங்கி, சிங்கப்பூர் சாக்லேட் என்று அக்கம்பக்கமெல்லாம் கொடுத்தார். மறுநாளே ஒரு மாமா, மகனின் பாஸ்போர்ட்டோடு வந்து நின்றார்.

"மாப்ளே, இவனையும் உங்க எடத்துல சேத்து விடு லா."

"சேத்துரலாம் மாமா. இங்க தம்பின்லதான் இருக்கு. டாக்டர் லெட்டர் மட்டும் கொண்டு வாங்க."

மாமா அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. அம்மா சில நாள் மகனோடு பேசவில்லை.

இன்டர்வியூவுக்குப் பழக்கும்போது கதிர் மேனேஜர் மாதிரி காலை ஆட்டிக்கொண்டு உட்காருவான். எதிரில் தேவி. இல்லத்தில் தங்கியிருந்த பெண்.

"ரெண்டு வருஷமா எங்கேம்மா இருந்தே?"

"சிங்கப்பூர்ல சார்."

"எந்தக் கம்பெனி? யாரு மேனேஜர்? போன் போடவா?"

தேவி பைலைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

"பாத்தியா... நோயையும் பாக்கணும், பொய்யையும் பாக்கணும். ரெண்டு வேலை. சம்பளம் ஒன்னுதான்."

ஒரு சூப்பர்மார்க்கெட்டில் தேவி உண்மையைச் சொன்னாள். மேனேஜர் நம்மவர். எழுந்து நின்று பாராட்டினார். எவ்வளவு தைரியம் என்றார். வேலை காலி இல்லை என்றார்.

பிறகு கதிரைத் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க பிரதர். கஸ்டமர் பயப்படுவாங்க லா."

"நானும் அதே கேஸ்தான் பாஸ். மாசா மாசம் உங்க கடையிலதான் சாமான் வாங்குறேன். இதுவரைக்கும் யாரு பயந்தா?"

தேவிக்கு ஸ்டோரில், யார் கண்ணிலும் படாத ஷிப்டில், ஒரு வேலை கிடைத்தது. இன்று அங்கே கேஷியர். கஸ்டமர்கள் பயப்படுவது விலையைப் பார்த்துத்தான்.

அதே மேனேஜர் சென்ற வருடம் எங்கள் விழாவுக்கு வந்து, தம் பரந்த மனசைப் பற்றி நீண்ட நேரம் பேசினார். கதிருக்குப் பெரிய கண்ணாடிக் கேடயம் ஒன்று கொடுத்தார்.

கதிர் அதைக் கையில் தூக்கிப் பார்த்தான். "இந்தக் கனத்துக்கு ரெண்டு பேருக்கு வேலை கொடுத்திருக்கலாம் அண்ணே."

நேற்று மாலை குடும்பத்தார் வாட்ஸ்அப்பில் மரண அறிவிப்பு அனுப்பினார்கள். நல்ல படம். கீழே, 'சிங்கப்பூரில் பணியாற்றியவர்' என்று இருந்தது. எங்கள் இல்லத்தில் அவன் வேலை பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கொஞ்ச நேரத்தில் அவன் அண்ணன் எனக்குப் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், உங்க எடத்துப் பிள்ளைங்க நாளைக்கி வர வேணாம். கருமாதியெல்லாம் முடியட்டும், அப்புறம் ஒரு நாளைக்கி வரட்டும்."

"வந்தா என்ன பண்ணிருவாங்கன்னு நெனைக்கிறீங்க?"

"ஒன்னும் பண்ண மாட்டாங்க சார். ஆனா யாராச்சும், கதிர உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டா... சொல்லிருவாங்க லா."

அது சரிதான். சொல்லிவிடுவார்கள்.

கதிர் தன்னைப் பற்றி எதையும் மறைத்தவன் இல்லை. செத்ததும் அவனை யாரும் சிங்கப்பூருக்கு அனுப்ப வேண்டாம் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். அண்ணனுக்குக் கோபம் வந்தால் என்னோடு வைத்துக்கொள்ளட்டும்.

கதிரால் வேலைக்குப் போனவர்களுக்கு... இன்று மாலை நான்கு மணிக்கு ரஹாங் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். வீடு தெரியாதவர்கள் எனக்கு மெசேஜ் போடுங்கள். இல்லத்து வேன் தம்பினிலிருந்து கிளம்பும். வேனில் எழுதியிருக்கும் இல்லத்தின் பெயரை மறைத்துக்கொண்டு வரலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். மறைக்கவில்லை.

ஷிப்டில் இருப்பவர்கள் லீவு கேளுங்கள். பல கம்பெனிகளில் கூடப்பிறந்தவர் செத்தால்தான் லீவு. அண்ணன் என்று சொல்லுங்கள். இந்த ஒரு பொய்யைப் பற்றிக் கதிரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

படுத்திரு கதிர். வந்துகொண்டிருக்கிறோம்.